பொழுது தொலைந்த மூன்றாம் இரவு: இதய அறுவைச் சிகிச்சையும் கார்ட்டிசாலும்

என் பெரியப்பச்சிக்கு, அதாவது பெரியப்பாவுக்கு, பைபாஸ் முடிந்த மூன்றாம் நாள், இரவு ஒன்றரை மணி. மதுரையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், பெஞ்சில் படுத்திருந்த என்னை நர்ஸ் வந்து எழுப்பினார். உள்ளே போனேன். அவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை இழுத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும், "தம்பி, ரஜூலா புறப்படப் போகிறது. என் பெட்டியை யார் கீழே இறக்கி வைத்தது?" என்று கோபமாகக் கேட்டார். பதினெட்டு வயதில் பள்ளத்தூரிலிருந்து கிளம்பி, அந்த ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர் அவர். மானிட்டர் எழுப்பிய ஓசை அவருக்குக் கப்பல் மணியாகக் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு என்னைப் பெயர் சொல்லி அழைத்து, பாங்கி வட்டி பற்றித் தெளிவாகப் பேசினார். மாலை இருட்டியதும் மறுபடியும் கப்பல் வந்துவிட்டது.

வீட்டில் மூன்று விதமாகப் பேசிக்கொண்டார்கள். கண் பட்டுவிட்டது என்று பெரியாத்தா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, வைரவன்கோயிலுக்கென்று எடுத்து வைத்தார். மயக்க மருந்தை அளவுக்கு மேல் கொடுத்துவிட்டார்கள் என்று ஓர் அண்ணன் டாக்டரிடம் சண்டைக்குப் போகத் தயாரானார். புத்தி பேதலித்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று இன்னொருவர் வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரவில் இவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மாதந்தோறும் யாராவது ஒருவர் நெஞ்சைப் பிளந்து செய்யும் சிகிச்சைக்காக மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய்க்கொண்டிருக்கிறார். அவரோடு போகிறவர்கள் இதைப் போகும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். கடும் காய்ச்சலில் பிதற்றுவதை நம் பெரியவர்கள் சன்னி கண்டுவிட்டது என்பார்களே, ஏறத்தாழ அதுதான். மூளைக்கு வந்த திடீர்த் தளர்ச்சி என்று இதைச் சொல்லலாம். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கும். ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். முதலில் கெடுவது கவனம்தான். சொன்னதைப் பிடித்துக்கொள்ள முடியாது, ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் நூல் அறுந்துவிடும். அதன் பிறகே இடம், நேரம், ஆள் என்று மற்றவை குழம்பும். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. இது நேற்று இல்லாமல் இன்று வந்து நிற்பது. பெரும்பாலும் அறுவை முடிந்த முதல் மூன்று நாட்களுக்குள் தலைகாட்டும். இதய அறுவைக்குப் பிறகு இது அரிதும் அல்ல. ஐந்தில் ஒருவருக்காவது வருகிறது. வயது முதிர்ந்தவர்களை ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் இருவரில் ஒருவருக்கு என்னும் அளவுக்குப் போயிருக்கிறது. எவ்வளவு கவனித்துத் தேடுகிறார்களோ அவ்வளவு அகப்படுகிறது.

தேடினால்தான் அகப்படும் என்பதற்குக் காரணம் உண்டு. பெரியப்பச்சியைப் போலக் குழாயைப் பிடுங்கிக் கூச்சல் போட்டால் எல்லோரும் ஓடி வருவார்கள். ஆனால் டெலிரியத்தில் பாதிக்கு மேல் சத்தம் போடாத வகைதான். நோயாளி சும்மா படுத்திருப்பார். கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்வார், அல்லது விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பாவம், களைப்பு. தூங்கட்டும்" என்று நாமே கதவைச் சாத்திவிட்டு வருவோம். அமைதியாக இருப்பதால் அது லேசானது என்று நினைக்கக் கூடாது. கவனிக்கப்படாமல் போவதாலேயே அதில் ஆபத்து கூடுதல்.

அழுத்த நேரத்து ஹார்மோன்

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்தாற்போல இரண்டு அட்ரீனல் சுரப்பிகள் இருக்கின்றன. உடலுக்கு அடி விழுந்தாலும், பட்டினி கிடந்தாலும், பயந்தாலும், கத்தி பட்டாலும் அவை ஒரே மாதிரி வேலையில் இறங்குகின்றன. 1936-இல் ஹான்ஸ் செல்யே எலிகளில் இதைக் கண்டு எழுதினார். எந்த விதமான துன்பம் கொடுத்தாலும் அவற்றின் அட்ரீனல் பெருத்திருந்தது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்கிறது, அட்ரீனல் கார்ட்டிசாலை இரத்தத்தில் விடுகிறது. கார்ட்டிசால் வந்ததும் கல்லீரல் சர்க்கரையை வெளியே தள்ளும், இரத்த அழுத்தம் தாங்கி நிற்கும், அழற்சி என்னும் வீக்கம் அளவு மீறாமல் அடங்கும். அது இல்லாவிட்டால் பெரிய அறுவை எதையும் மனிதன் தாங்க மாட்டான். "சர்க்கரை வியாதியே இல்லாதவருக்கு எதற்கு இன்சுலின் போடுகிறார்கள்?" என்று பெரியாத்தா கேட்டாரே, அதற்கும் பெரும் பங்கு இதுதான் காரணம்.

அழுத்த ஹார்மோன் என்றே சொல்லிச் சொல்லி, கார்ட்டிசாலின் இன்னொரு வேலையை மறந்துவிடுகிறோம். அது பொழுது காட்டும் ஹார்மோனும்கூட. நடுநிசியில் மிகவும் தாழ்ந்து கிடக்கும். விடியலுக்கு முன் ஏறத் தொடங்கி, கண் விழித்து அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போகும். பிறகு பகல் முழுக்கச் சரிந்து வரும். மூளை, கல்லீரல், தோல் என்று உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் அது காலையில் "விடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போகிறது. இரவில் அது இறங்கிக் கிடந்தால்தான் தூக்கம் ஆழ்ந்து வரும்.

இனி இதய அறுவையை நினைத்துப் பாருங்கள். மார்பெலும்பைப் பிளக்கிறார்கள். இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, பிளாஸ்டிக் குழாய்கள் வழியே இயந்திரத்துக்குள் ஓடவிட்டுத் திரும்ப அனுப்புகிறார்கள். ஜான் கிப்பன் 1953 மே 6 அன்று இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இயந்திரத்தை வைத்து முதன்முதலாக வெற்றி கண்டதிலிருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய வழி அது. ஆனாலும் இரத்தம் அந்நியப் பரப்பைத் தொட்டதும் நோய் எதிர்ப்பு அணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. இன்டர்லூக்கின் 6 போன்ற வீக்கச் செய்தியாளர்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. அவையும் ஹைப்போதலாமஸின் கதவைத் தட்டுகின்றன. வலி தட்டுகிறது, தூக்கமின்மை தட்டுகிறது, பயம் தட்டுகிறது. கார்ட்டிசால் வழக்கத்தைப் போலப் பல மடங்கு ஏறி, அடுத்த சில நாட்கள் இறங்காமல் நிற்கிறது. அதைவிட முக்கியமாக, இரவு, பகல் என்ற ஏற்ற இறக்கம் மழுங்கிப்போகிறது. நள்ளிரவிலும் உடம்பு விடியலின் அளவில் நிற்கிறது.

நம் ஊருணியை வைத்து இதைச் சொல்வது எளிது. மழைக்கு வரத்து வாய்க்கால் பெருகினால் நீர் ஏறும். ஆனால் வடிகாலும் அடைத்துக்கொண்டால்? பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கடும் நோயில் கார்ட்டிசால் உயர்ந்து நிற்பதற்குச் சுரப்பு கூடுவது மட்டும் காரணம் அல்ல. அதை உடைத்து வெளியேற்றும் வேலையும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் குறைந்துவிடுகிறது. அதனால்தான் கத்தியை எடுத்து நாட்கள் ஆன பிறகும் நீர்மட்டம் இறங்குவதில்லை.

இந்த ஏற்றத்துக்குத் தடை போடும் உறுப்பு மூளையிலேயே உண்டு. நினைவைக் கட்டிக் காக்கும் ஹிப்போகேம்பஸில் கார்ட்டிசாலைப் பிடிக்கும் ஏற்பிகள் நிறைந்திருப்பதை 1968-இல் புரூஸ் மெக்யூவன் எலிகளில் காட்டினார். கார்ட்டிசால் அங்கே போய் ஒட்டியதும், "போதும், நிறுத்து" என்ற கட்டளை ஹைப்போதலாமஸுக்குப் போகும். வயதாக ஆக இந்தத் தடை தளர்கிறது. மறதி நோயின் தொடக்கத்தில் ஹிப்போகேம்பஸ் சுருங்கத் தொடங்கியிருந்தால் இன்னும் தளர்கிறது. ஒரே அறுவைதான், ஒரே டாக்டர்தான். ஆனால் நாற்பத்தைந்து வயதுக்காரரின் கார்ட்டிசால் இறங்கிவிட, எழுபத்தைந்து வயதுக்காரரின் கார்ட்டிசால் நின்றுகொண்டே இருக்கிறது. தடை போட வேண்டிய இடமும் நினைவைக் காக்கும் இடமும் ஒன்றாக அமைந்தது எவ்வளவு பெரிய பலவீனம்! எந்த இடம் வெள்ளத்தை நிறுத்த வேண்டுமோ, அந்த இடமே முதலில் மூழ்குகிறது.

கார்ட்டிசால்தான் காரணமா?

பெய்ஜிங் மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மறுநாள் காலை இரத்தத்தில் கார்ட்டிசாலை அளந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு டெலிரியம் வந்தது. கார்ட்டிசால் உயர்ந்திருந்தவர்களுக்கே அந்த ஆபத்து கூடுதலாக இருந்தது. போலந்து மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்டதில், அறுவைக்குப் பின் உயர்ந்த கார்ட்டிசாலோடு இன்னொன்றும் சேர்ந்து நின்றது. அறுவைக்கு முன்பே மனச்சோர்வு நோய் இருந்தவர்களுக்கு டெலிரியம் அதிகம் வந்தது. நீண்ட நாள் மனச்சோர்வில் இருப்பவர் பலருக்குக் கார்ட்டிசால் முன்கூட்டியே ஏறித்தான் இருக்கும். அவர்கள் அறுவை அறைக்குள் போகும்போதே ஊருணி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது.

இதைப் படித்ததும், கார்ட்டிசாலை அடக்கினால் டெலிரியம் வராதே என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் கதை அவ்வளவு நேராக இல்லை. டெக்சாமெதசோன், மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்துகள் கார்ட்டிசாலின் உறவுக்காரர்கள். வீக்கத்தை அடக்குவதில் அதைவிட வலியவை. வீக்கம்தான் மூளையைக் குழப்புகிறதென்றால், அறுவை நேரத்திலேயே இவற்றைக் கொடுத்தால் டெலிரியம் குறைய வேண்டும். கார்ட்டிசால் வகை மருந்தே நஞ்சென்றால் டெலிரியம் கூட வேண்டும். இரண்டில் ஒன்று நடக்க வேண்டும் அல்லவா? நெதர்லாந்தில் 4,494 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையில் பாதிப் பேருக்கு மயக்கம் கொடுத்த பின் ஒரே ஒருமுறை பெரிய அளவில் டெக்சாமெதசோன் போட்டார்கள். மொத்தப் பேரில் 737 பேரின் மனநிலையைத் தனியே நாள்தோறும் கவனித்து 2014-இல் எழுதினார்கள். மருந்து பெற்றவர்களில் 14.2 சதவீதம், பெறாதவர்களில் 14.9 சதவீதம். வித்தியாசம் இல்லை. 2015-இல் வெளிவந்த இன்னொரு சோதனை 7,507 பேரை வைத்து, பல நாடுகளில் மெத்தில்பிரெட்னிசோலோனைக் கொடுத்து நடந்தது. அங்கும் டெலிரியம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் நான் ஏமாற்றமாகப் பார்க்கவில்லை. கார்ட்டிசால் உயர்ந்திருப்பது மூளை படும் பாட்டின் அடையாளம் என்பது உறுதி. அந்தப் பாட்டுக்கு அது எவ்வளவு பங்கு காரணம் என்பது இன்னும் தீரவில்லை. ஒரு நாள் ஒரே ஒருமுறை ஊசியில் ஏறும் ஸ்டீராய்டும், மூன்று நான்கு நாட்கள் இரவு பகல் தெரியாமல் நிற்கும் கார்ட்டிசாலும் மூளைக்கு ஒன்றாக இருக்க முடியாது என்றே எண்ணுகிறேன். அளவை மட்டும் பார்க்கிறோம், தாளம் குலைந்ததைப் பார்ப்பதில்லை.

தவிர, கார்ட்டிசால் தனியாக வேலை செய்வதும் இல்லை. அட்ரீனலின், நார்அட்ரீனலின் கூடவே பாய்கின்றன. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில், கவனத்தை ஒரு புள்ளியில் நிறுத்தும் அசிட்டைல்கோலின் குறைகிறது, டோபமைன் மிகுகிறது. இல்லாத கப்பல் தெரிவதில் இந்தக் கடைசி இரண்டுக்கும் பங்கு இருப்பதாகக் கருதுகிறார்கள். நார்அட்ரீனலினைத் தணித்துத் தூக்கம் தரும் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தின் மேல் மிகுந்த நம்பிக்கை இருந்தது. சில சிறிய ஆய்வுகளில் பலனும் தெரிந்தது. 2020-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், இதய அறுவையின்போது தொடங்கி அதைப் பெற்றவர்களில் 17 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 12 சதவீதத்தினருக்கும் டெலிரியம் வந்தது. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. எப்படியும் அது காக்கவில்லை. டெலிரியம் வந்த பிறகு கொடுக்கும் ஹாலோபெரிடால் என்ற மருந்தின் நிலையும் இதுவே. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் அது டெலிரியத்தின் நாட்களைக் குறைக்கவில்லை என்று 2018-இல் ஓர் அமெரிக்கச் சோதனை காட்டியது. தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் அளவு கொந்தளிப்பு இருந்தால் டாக்டர்கள் சிறிது காலத்துக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். அது கொந்தளிப்புக்கான மருந்து. டெலிரியத்துக்கு ஒரு மாத்திரை இன்றைக்கும் கிடையாது.

வளவில் விழும் வெயில்

மருந்துகள் கைவிட்ட இடத்தில் கைகொடுத்தது, பார்ப்பதற்கு மருத்துவமாகவே தெரியாத ஒன்று. நியூயார்க் மருத்துவர்கள் 1965-இலேயே, திறந்த இதய அறுவை செய்துகொண்டவர்களில் பலர் குழம்பிப்போனதை எழுதியிருந்தார்கள். விளக்கு அணையாத அறை, ஓயாத இயந்திர ஓசை, தூங்கவிடாமல் நடக்கும் பரிசோதனைகள் ஆகியவற்றின் மேல் அவர்கள் சந்தேகம் கொண்டார்கள். 1999-இல் ஷாரன் இனூயியும் யேல் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று அடிக்கடி சொன்னார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். காது கேட்கும் கருவியைக் கொடுத்தார்கள். இரவில் சத்தத்தைக் குறைத்து, தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பாலும் முதுகைத் தடவிவிடுவதும். சீக்கிரம் எழுந்து நடக்கவைத்தார்கள். தண்ணீர் குடிக்கவைத்தார்கள். மற்றவர்களில் 15 சதவீதத்துக்கு வந்த டெலிரியம் இவர்களில் 9.9 சதவீதத்துக்கே வந்தது. அவர்கள் இதய அறுவை நோயாளிகள் அல்லர், பொது மருத்துவப் பிரிவில் இருந்தவர்கள். ஆனால் அந்த வழிமுறையே இன்று அறுவைப் பிரிவுகளுக்கும் வந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பள்ளத்தூர் வீடுதான் நினைவுக்கு வந்தது. முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த வாசல். காலை வெயில் மேற்குப் பக்கத் தூணில் விழும். உச்சியில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தொடும். மாலையில் எதிர்ப்பக்கம் ஏறும். பெரியப்பச்சி கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. எந்தத் தூணில் வெயில் நிற்கிறது என்று பார்த்து, "மணி பத்தாகிவிட்டது, மோர் கொண்டு வா" என்பார். அறுபது ஆண்டுகள் வெயிலில் மணி பார்த்த ஒருவரை ஜன்னலே இல்லாத, இருபத்து நான்கு மணி நேரமும் வெள்ளை விளக்கு எரியும் அறையில் கிடத்தினோம். உள்ளே கார்ட்டிசால் பொழுதைத் தொலைத்துவிட்டது, வெளியே சுவர் பொழுதை மறைத்துவிட்டது. கண்ணாடியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று நாங்களே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம். காதுக் கருவி பெரியாத்தாவின் சுருக்குப்பையில் இருந்தது. பல் செட் ஒரு டப்பாவில். நல்லெண்ணத்தோடு ஒவ்வொன்றாக அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு, அவர் ஏன் உலகத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்று வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம்.

செட்டிநாட்டுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இங்கே பெரிய வீடுகளில் இன்று இரண்டு பேர், பல வீடுகளில் ஒருவர். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அறுவை என்றதும் முதல் விமானத்தில் ஓடி வருகிறார்கள், செலவுக்கு அஞ்சுவதில்லை. ஆனால் டாக்டர், "இவர் வழக்கமாக எப்படிப் பேசுவார்? போன மாதம் நினைவு எப்படி இருந்தது?" என்று கேட்கும்போது, வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் முகம் பார்க்கிற மகனுக்கு என்ன தெரியும்? வீட்டின் இரண்டாம் கட்டில் சமைத்துப் போடுகிற அம்மாளுக்குத் தெரியும். அடுத்த வீட்டு ஆச்சிக்குத் தெரியும். "ஆறு மாதமாகவே ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டேன் என்கிறார்" என்று அவர்களால்தான் சொல்ல முடியும். அந்தச் சொல்லில் மறதியின் தொடக்கமும் இருக்கலாம், யாரும் பெயரிடாத மனச்சோர்வும் இருக்கலாம். டெலிரியத்துக்கு முன்னோடியாக நிற்கும் இரண்டு பெரிய காரணங்கள் அவை. அறுவைக்கு முந்தைய சந்திப்புக்கு மகனோடு சமையல் அம்மாளையும் காரில் அழைத்துப் போங்கள் என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அதே சந்திப்பில் மருந்துப் பையை அப்படியே மேசையில் கொட்டிவிட வேண்டும். எழுதிக் கொண்டுபோனால் போதாது. தூக்கத்துக்கென்று பல ஆண்டுகளாகப் போட்டுவரும் அல்பிரசோலம் வகை மாத்திரைகள் டெலிரியத்தை வரவழைக்கும். அவற்றைச் சொல்லாமல் திடீரென்று நிறுத்தினாலும் வரவழைக்கும். அரிப்புக்கும் சளிக்கும் தரும் பழைய வகை மாத்திரைகள் அசிட்டைல்கோலினை மேலும் குறைக்கின்றன. நாள்தோறும் மது அருந்தும் பழக்கம் இருந்தால், பெண்கள் எதிரில் சொல்லக் கூச்சப்பட்டு அதை மறைத்துவிடுகிறார்கள். நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் வரும் டெலிரியம் வேறு வகை, அதற்குச் சிகிச்சையும் வேறு.

எல்லாவற்றையும் விட மறைந்து கிடப்பது ஸ்டீராய்டு. மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ யாரோ கொடுத்த பொடியையும் மாத்திரையையும் ஆண்டுக்கணக்கில் விழுங்கியவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அதில் ஸ்டீராய்டு இருந்தால், வெளியிலிருந்தே வருகிறதே என்று அட்ரீனல் தன் வேலையை விட்டுச் சுருங்கிவிடும். அறுவையன்று கார்ட்டிசால் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாது. மிகுந்தால் குழப்பம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். வராமலே போனால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. முன்கூட்டித் தெரிந்தால் ஊசி மூலம் ஈடு செய்துவிடுவார்கள். அதனால் பெயர் தெரியாத பொடியானாலும் பொட்டலத்தோடு காட்டுங்கள்.

டெலிரியம் வந்துவிட்டால் டாக்டர்கள் முதலில் செய்வது காரணத்தைத் தேடுவது. ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா, சோடியம், சர்க்கரை எப்படி, தொற்று உண்டா, வலி அடங்கியிருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள் என்று பார்ப்பார்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். டெலிரியம்தானே என்று ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

சத்தம் போடாத வகையைக் கண்டுபிடிக்க நர்ஸ்கள் கவனத்தைச் சோதிக்கிறார்கள். ஆங்கில எழுத்துகள் பத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஏ என்ற எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வது ஒரு முறை. ஆங்கிலம் படிக்காத ஆச்சிக்கு அது தேர்வு ஆகாது, தண்டனைதான். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வதும், மாதங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வதும் இன்னொரு முறை. ஜனவரி, பிப்ரவரியை விடச் சித்திரை, வைகாசியில் வாழ்ந்தவர்களிடம் அந்தப் பெயர்களிலேயே கேட்டால்தான் நியாயமாக இருக்கும். உள்ளே போகும் ஐந்து நிமிடத்தில் நாமே கேட்டுப் பார்க்கலாம். நேற்று சொன்னவர் இன்று பாதியில் நின்றுவிட்டால் நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

எங்கள் விஷயத்தில் அந்த இரவு நர்ஸ்தான் வழிகாட்டினார். நாற்பது நோயாளிகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தவர், ஐந்து நிமிடம் நின்று சொன்னார்: "சார், கப்பல் இல்லை என்று வாதாடாதீர்கள். ஆமாம் போகலாம் என்றும் சொல்லாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இது மதுரை, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். ஆள் கூட இருந்தால் கையைக் கட்ட வேண்டியிருக்காது." அன்று விடியும் வரை என்னை அங்கேயே உட்கார அனுமதித்தார். மறுநாள் கண்ணாடி, காதுக் கருவி, பல் செட் எல்லாம் உள்ளே போயின. பெரிய எண்கள் போட்ட ஒரு சுவர்க் கடிகாரத்தை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிக் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொல்லிக் கெஞ்சினோம், மாட்டினார்கள். பகலில் பிசியோதெரபிஸ்ட் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். ஆறாம் நாள் ஜன்னல் உள்ள அறைக்கு மாற்றினார்கள். அந்த இரவில் அவர் ஐந்து மணி நேரம் தூங்கினார். கப்பல் அதன் பிறகு வரவில்லை.

எந்தக் காரியம் பலித்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. டெலிரியம் பெரும்பாலும் சில நாட்களில் தானே தணியும். ஆனால் தணிந்ததும் கணக்கு தீர்ந்துவிடுவதில்லை. இதய அறுவை செய்துகொண்ட, 60 வயதைக் கடந்த 225 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. அறுவைக்கு முன்பிருந்த அறிவுத்திறனின் அளவுக்கு ஆறு மாதத்திலும் திரும்பாதவர்கள், டெலிரியம் வந்தவர்களில் 40 சதவீதம், வராதவர்களில் 24 சதவீதம். ஓராண்டில் இந்த இடைவெளி குறைந்தது. இதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பில் கட்டும்போது தடுமாறினால், பேரன் பெயர் வரத் தாமதித்தால், குடும்பமே பயந்துபோகிறது. அல்லது எரிந்து விழுகிறது. ஆறு மாதம் பொறுக்க வேண்டிய காயம் அது, மார்பிலுள்ள தையலைப் போல. பலருக்கு அந்த இரவுகளின் துண்டுக் காட்சிகள் நினைவில் தங்கி, பைத்தியக்காரனைப் போல நடந்துகொண்டேனா என்ற வெட்கம் உள்ளே அரிக்கும். பெரியப்பச்சி இரண்டு மாதம் கழித்துத்தான், யாரும் இல்லாத நேரத்தில் என்னிடம் கேட்டார்: "உன்னை நான் அடித்தேனா?" இல்லை என்றேன். கார்ட்டிசாலைப் பற்றியும் சொன்னேன். "அப்படியா, உடம்பு செய்த வேலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு மதுரைக்குப் போனபோது டாக்டர், தையலையும் எக்கோவையும் பார்த்து முடித்துவிட்டு, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். பெரியப்பச்சி நிமிர்ந்து உட்கார்ந்து, பங்குனி, மாசி, தை, மார்கழி என்று தொடங்கினார். கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி வரை சீராக வந்தவர் அங்கே நின்றுவிட்டார். பெரியாத்தா வாயைத் திறக்கப் போனார், டாக்டர் கை காட்டித் தடுத்தார். ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆவணி என்றார். பிறகு ஆடி, ஆனி, வைகாசி, சித்திரை.